கொக்கிக்குக் கீழே நிற்பவன்

மறுபடியும் வந்து நிற்கிறான்.

தகடு தொங்கிக்கொண்டிருக்கிறது. கட்டில் அகலத்துக்கு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய இரும்புத் தகடுகள். அதற்கு நேர் கீழே, ஹெல்மெட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, என்னை அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறான். கையைத் தூக்கி "ஸ்தோத்திரம் அண்ணே!" என்கிறான். கிடங்கின் இரைச்சலில் எனக்குக் கேட்காது. வாயசைவு தெரியும். தெரியாமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

நான் கிரேன் ஓட்டுகிறவன். கூரையை ஒட்டி ஓடும் தண்டவாளத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வருகிற கூண்டு என்னுடையது. காலையில் ஏணியில் ஏறி உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவேன். இடது கையில் கிரேனை ஓட்டுகிற பிடி, வலது கையில் ஒரு லிவர். பின்னால் இழுத்தால் பாரம் ஏறும், முன்னால் தள்ளினால் இறங்கும். தள்ளுவதில் பல் பல்லாக இருக்கிறது. முதல் பல்லில் பூனை மாதிரி இறங்கும். கடைசிப் பல்லில் கல் மாதிரி விழும். காலுக்கு அடியில் ஒரு மணி. பாரம் நகரும்போதெல்லாம் நான் அதை மிதிக்க வேண்டும், கீழே இருப்பவர்கள் விலக வேண்டும். என் வேலை மொத்தமும் இவ்வளவுதான்.

கடைசிப் பல்லுக்கும் அவன் மண்டைக்கும் நடுவே இருப்பது என் உள்ளங்கை மட்டும்தான்.

அவன் எங்கள் ஃபோர்மன். எந்நேரமும் கழுத்தில் விசிலோடு திரிகிறவன் என்பதால் எல்லாரும் வைத்த பெயரே விசில். என் தம்பியைக் கொன்றவன்.

கொன்றான் என்று யாரும் சொல்லவில்லை. விபத்து என்றார்கள். அந்த ஒரு சொல்லை வைத்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டார்கள், எண்ணெய் சிந்தினால் பழைய துணியைப் போட்டுத் துடைப்பது போல. தகட்டைக் கம்பிவடத்தால் கட்டிக் கொக்கியில் மாட்டுவது என் தம்பியின் வேலை. முந்தின நாள் சாயங்காலமே என்னிடம் சொன்னான். "அண்ணே, அந்த வடம் இழை இழையாப் பிரியுது. விசிலுகிட்ட காட்டிட்டேன். பாத்துக்கலாம்கிறான்." மறுநாள் எனக்கு ஓய்வு. கிரேனில் வேறு ஆள். லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்ததாம், விசில் விசிலை ஊதினானாம், அதே வடத்தைக் கட்டச் சொன்னானாம். வடம் பாதி உயரத்தில் அறுந்தது.

கிடங்கின் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. "தொங்கும் பாரத்துக்குக் கீழே நிற்காதே." எனக்கு எழுத்து தெரியாத காலத்தில், சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பலகையைக் காட்டித்தான் தம்பி எனக்குச் சொல்லிக்கொடுத்தான். தலை நரைத்த பிறகு நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் வரி அதுதான். ஒவ்வொரு எழுத்தையும் அவன் சோற்றுக்கையால் காட்டுவான்.

அதே பலகைக்கு எதிரிலேயே, வேண்டுமென்றே, விசில் அப்போது தினமும் வந்து நின்றான். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் சபை ஒரு நாற்காலிக் கடையின் மாடியில் கூடுகிறது. போன மழைக்காலத்தில் விசிலின் மனைவி அவனை அங்கே அழைத்து வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து வாராவாரம் தேம்பித் தேம்பி அழுதான். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை. இது என் சபை, அவனுக்காக நான் ஏன் போக வேண்டும்? ஒரு ஞாயிறு பாஸ்டர் எங்கள் இருவரையும் முன்னால் கூப்பிட்டார். விசில் என் காலைப் பிடித்தான். "நடந்ததுக்கெல்லாம் என்னை மன்னிச்சிடுங்கண்ணே" என்றான். நடந்ததுக்கெல்லாம். என்ன நடந்தது என்று சொல்லவில்லை. வடம் என்கிற சொல்லே வரவில்லை. ஆனாலும் அவன் தலை என் முழங்காலில் நடுங்கிக்கொண்டிருந்தபோது எனக்குள் ஏதோ விட்டுப்போனது. தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டேன். மன்னிச்சிட்டேன் என்று மைக்கில் சொன்னேன்.

"ஒரு தம்பியை இழந்தீங்க, கர்த்தர் இன்னொரு தம்பியைக் கொடுத்திருக்கிறார்!" என்றார் பாஸ்டர். கைதட்டல் கீழே நாற்காலிக் கடை வரைக்கும் கேட்டிருக்கும். யாரோ ஃபோனில் படம் பிடித்தார்கள். அந்தப் படம் ஜெபக் கூட்டம் ஜெபக் கூட்டமாகச் சுற்றியது.

அன்று நான் மன்னித்தது நிஜம். இப்போது யாரும் அதை நம்புவதில்லை, ஆனால் நிஜம். நெஞ்சுக்குள் கிடந்த தகட்டை யாரோ தூக்கி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்ட மாதிரி இருந்தது. குறட்டை விட்டுத் தூங்கினேன் என்று வீட்டுக்காரி சொன்னாள்.

திங்கட்கிழமை காலை லாரி திரும்பி வந்துவிட்டது.

நான் கூண்டில் ஏறி, முதல் பாரத்தைத் தூக்கி, மணியை மிதித்தேன். எல்லாரும், பாரம் போகிற வழிக்குத் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே போனார்கள். விசில் மட்டும் உள்ளே வந்தான். நேராகப் பாரத்துக்கு அடியில் வந்து நின்று சிரித்தான். என் கை தானாக லிவரை இறுக்கிப் பிடித்தது. முன்னால் தள்ளு, முன்னால் தள்ளு என்று உள்ளே ஒன்று சொன்னது. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. நயமாக, பக்கத்து வீட்டுக்காரன் உப்பு கேட்பது போலச் சொன்னது.

சாப்பாட்டு நேரத்தில்தான் காரணம் தெரிந்தது. தம்பி செய்த வேலையை இப்போது செய்கிறவன் ஒரு நெட்டையன், மூங்கில் என்று கூப்பிடுவோம். வாய் சும்மா இருக்காது.

"ஏன் சார்," என்றான் விசிலிடம், "உங்க மண்டை என்ன வாடகை மண்டையா? தகட்டுக்கு அடியில கொண்டுபோய் வெக்கிறீங்க?"

"உனக்குப் புரியாதுடா. அண்ணன் என்னை மன்னிச்சிட்டாரு. நான் அவரை நம்புறேன்னு எப்படிக் காட்டுறது? அதான் அடியில நிக்கிறேன். இது விசுவாசம்."

"விசுவாசம் அண்ணன் மேலயா, வடத்து மேலயா?"

"ரெண்டு மேலயும்தான்."

"சார், நான் எந்தக் கோயிலுக்கும் போனதில்ல. கொக்கிக்கு அடியிலயும் போனதில்ல. எங்க வீட்டு மதம் அவ்வளவுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். விசிலும் சிரித்தான். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "ஃபோர்மன் சார், கோட்டுக்கு வெளிய நில்லுங்க. ரூல்னா ரூல்தான்."

"என்னண்ணே சாரு கீருன்னு. தம்பின்னு கூப்பிடுங்க. பாஸ்டர் சொன்னாருல்ல?"

டம்ளரில் மிச்சமிருந்த டீயை அவன் முகத்தில் ஊற்றாமல் தரையில் ஊற்றினேன். அதுவே பெரிய காரியம்.

அப்படித்தான் தினமும் நடந்தது. சில நாள் ஒன்றும் தோன்றாது. சரி, போய்விட்டது, ஆண்டவரே நன்றி என்று நினைப்பேன். அப்படி நினைத்த மறுநாள்தான் பலமாக வரும். ஜெபித்துவிட்டு ஏறினாலும் வரும். ஜெபிக்காமல் ஏறினாலும் வரும். தகட்டின் நிழல் அவன் தோளில் விழும்போது வரும். "விபத்துன்னு சொல்லிடலாம், அவங்ககிட்ட கத்துக்கிட்ட சொல்தானே" என்று வரும்.

ஆராதனை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பாஸ்டரைப் பிடித்தேன்.

"ஐயா, எனக்கு ஜெபம் பண்ணணும். அவனைப் பாத்தா கை துறுதுறுங்குது."

"யாரை?"

"விசிலை. பாரத்தைப் போட்டுடலாம்னு தோணுது."

பாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். என் தோளைத் தட்டினார். "நீங்க மன்னிச்சாச்சு பிரதர். அது முடிஞ்ச காரியம். இது சத்துரு சொல்ற பொய். இதை வாயால சொல்லவே கூடாது. சொன்னா அதுக்கு இடம் கொடுத்த மாதிரி."

"பொய் இல்லைங்க ஐயா. தினமும் வருது."

"உங்க சாட்சியைப் பாத்து எத்தனை குடும்பம் ஒண்ணு சேர்ந்திருக்கு தெரியுமா? இப்போ போய் இப்படிப் பேசினா அவங்க விசுவாசம் என்ன ஆகும்?"

எனக்குச் சுரீர் என்று வந்தது. "வாராவாரம் விழிச்சிருங்க, விழிச்சிருங்கன்னு மேசையைத் தட்டிச் சொல்றீங்க. சரின்னு விழிச்சிருந்தேன். திருடன் வந்துட்டான், கண்ணால பாத்தேன். ஓடிவந்து சொன்னா, கண்ணை மூடிக்கோங்கிறீங்க. இதுக்குப் பேரு என்னங்க ஐயா?"

"கோபப்படாதீங்க பிரதர்."

"கோபப்படாம?"

கையில் இருந்த நாற்காலியை அடுக்கின்மேல் போட்டேன். அடுக்கு சரிந்தது. அதைப் பார்த்துப் பாஸ்டர் ஏதோ நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

வீட்டுக்காரி பள்ளிக்கூடம் கூட்டித் துடைக்கிற வேலை பார்க்கிறவள். நான் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத் தட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, சோறு என்ன பாவம் பண்ணுச்சு? அதைப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஐயோ என்று வாயைப் பொத்துவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"எப்பெப்போ வருது அது?"

"அவன் அடியில வந்து நிக்கும்போது."

"வேற நேரத்துல?"

"கொஞ்சம் கொஞ்சம். ஆனா அப்போ கையில லிவர் இல்ல."

"எனக்கும் வருதுங்க," என்றாள். "அவன் பொண்டாட்டி பக்கத்துல வந்து உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பாடுறா பாருங்க, அப்போ அவ விரலை ஒண்ணொண்ணா ஒடிச்சிடலாமான்னு வரும். நான் இடம் மாறி உக்காந்துக்குவேன். அவ தப்பா நினைச்சாலும் பரவாயில்ல."

"நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க மைக்குல சொல்லிட்டீங்களே, மன்னிச்சாச்சுன்னு. அதுக்கு மேல நான் எங்க சொல்றது?" அவளுக்கும் கோபம்தான். "நீங்க இதைப் பல்லுப் பிடுங்குற மாதிரின்னு நினைச்சுட்டீங்க. பிடுங்கிட்டா தீர்ந்துச்சு. இது கூட்டுற வேலைங்க. காலையில கூட்டுனா சாயங்காலம் மறுபடியும் குப்பை. நான் நேத்துதான் கூட்டுனேனேன்னு வெளக்கமாத்தைத் தூக்கிப் போட்டுட்டு உக்கார முடியுமா?"

"வேலையை விட்டுடட்டுமா?"

"விட்டா அது அங்கேயே நின்னுடுமாக்கும்? உங்க கூடவேதான் வரும். அவன்கிட்டயே சொல்லிடுங்க."

"என்னன்னு?"

"அடியில வந்து நிக்காதே, கொன்னுடுவேன்னு."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் சொன்னது சரிதான். ஆனால் நான் சொல்லவில்லை. வெட்கம். இவ்வளவு பேர் கைதட்டிய பிறகு, இன்னும் போகவில்லை என்று எப்படிச் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டே சமாளித்துவிடலாம் என்று இருந்தேன். அதுதான் நான் பண்ணின மடத்தனம்.

சபையின் ஆண்டு விழா நெருங்கியது. எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் மதியத்துக்கு முன்னால், நான் பாரத்தைத் தூக்கிக்கொண்டு கிடங்கின் நடுவே வந்தபோது, கீழே பாஸ்டர் நிற்கிறார். தலையில் கிடங்கு ஹெல்மெட், கூடை கவிழ்த்தது போல. கையில் ஃபோன். விசில் மூங்கிலிடம் என்னவோ சொன்னான். மூங்கில் முகத்தைச் சுளித்துக்கொண்டே எனக்கு முஷ்டியைக் காட்டினான். நிறுத்து என்று அர்த்தம். நிறுத்தினேன்.

விசில் மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்தான். பாரத்துக்கு நேர் அடியில் நின்றான். இரண்டு கைகளையும் விரித்தான். தலையை அண்ணாந்து கண்ணை மூடிக்கொண்டான். பாஸ்டர் குனிந்து, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, ஃபோனில் அவனும் தகடும் மேலே கூண்டில் நானும் ஒன்றாக வரும்படி சாய்த்துப் பிடித்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விழாவில் திரையில் போடப் போகிறார்கள். மன்னிப்பின் மகிமை. என் தம்பி செத்த அதே தரையில், அதே மாதிரி தகட்டுக்கு அடியில், அவனைக் கொன்றவன் கை விரித்து நடிக்கிறான், என் பாஸ்டர் படம் பிடிக்கிறார், தூக்கிப் பிடிக்கிற வேலை எனக்கு.

கண்ணுக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. தெரிந்தது ஹெல்மெட் மட்டும்தான். இந்த முறை உள்ளே இருந்தது நயமாகப் பேசவில்லை. கத்தியது. நியாயம்தானே, நியாயம்தானே என்று கத்தியது. அது நியாயம் மாதிரிதான் இருந்தது என்பதுதான் பயங்கரம். பாவம் மாதிரி இருந்திருந்தால் அடையாளம் தெரிந்திருக்கும்.

தள்ளினேன்.

முதல் பல். இரண்டாம் பல். பாரம் ஒரு முழம் தடாலென்று இறங்கியது. அடுத்த பல்லில் கை பட்டது. பட்டவுடன், யாரோ என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியது போல, இழுத்துவிட்டேன். வடம் கிரீச்சிட்டது. கூண்டு முழுவதும் ஆடியது. தகட்டில் இருந்த துருத்தூள் கீழே விசிலின் முகத்தில் கொட்டியது.

விசில் கண்ணைத் திறந்தான். தும்மினான். சிரித்தான். மேலே பார்த்துக் கட்டை விரலைக் காட்டினான். வாயசைவு நன்றாகத் தெரிந்தது. "சூப்பர்ணே! இன்னொரு தடவை!"

பாஸ்டரும் தலையை ஆட்டி விரலைச் சுழற்றினார், இன்னொரு தடவை என்று.

மூங்கில் மட்டும் சிரிக்கவில்லை. லிவரைப் பற்றி அவனுக்குத் தெரியும். என்னைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தான்.

நான் மணியை மிதித்தேன். காலை எடுக்கவே இல்லை. மணி கணகணவென்று அடித்துக்கொண்டே இருக்க, வலது கையை லிவரிலிருந்து எடுத்துத் தொடையோடு அழுத்திக்கொண்டு, இடது கையால் கிரேனைக் கிடங்கின் காலி மூலைக்கு ஓட்டினேன். ஆண்டவரே, ஆண்டவரே என்பதற்கு மேல் எனக்கு வேறு ஜெபம் வரவில்லை. மிச்சத்தை மணிதான் சொன்னது. பாரத்தைத் தரையில் உட்கார வைத்தேன். சாவியை உருவினேன். ஏணியில் இறங்கினேன்.

மூங்கில் ஏணியடியில் நின்றான். "பிரேக்காண்ணே?" என்று மெதுவாகக் கேட்டான்.

"இல்ல. நான்."

அவன் வாயை மூடிக்கொண்டான். அவன் வாய் மூடி அன்றுதான் பார்த்தேன்.

விசில் முகத்தில் துருவோடு ஓடி வந்தான். "என்னண்ணே, பாதியில நிறுத்திட்டீங்க? அருமையா வந்துச்சு!"

"விசிலு," என்றேன். அந்தப் பெயரை அவன் முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. "நீ இனிமே கொக்கிக்குக் கீழ வரக் கூடாது."

"ஏண்ணே?"

"நான் உன்னைக் கொல்லப் பாத்தேன். இப்போ. அது ஆட்டம் காட்டுனது இல்ல, தள்ளுனேன். பாதியில இழுத்துட்டேன். அடுத்த தடவை இழுப்பேனான்னு எனக்குத் தெரியாது."

சிரிப்பு அவன் முகத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றது, போகத் தெரியாமல்.

பாஸ்டர் குறுக்கே வந்தார். "பிரதர், இந்த வார்த்தையை இயேசுவின் நாமத்தில் நான் கண்டிக்கிறேன். வாயை மூடுங்க. இது நீங்க இல்ல."

"நான்தான் ஐயா. வேற யாரு? மேல கூண்டுல ஒரே சீட்டுதான் இருக்கு. உங்ககிட்ட சொன்னேன். சொல்லாதேன்னீங்க. சொல்லாம வெச்சிருந்தேன், இவ்வளவு பெருசா வளந்துடுச்சு. முதல்ல அந்த ஃபோனை உள்ள வைங்க. என் தம்பி ரத்தம் கிடந்த இடம் அது. அங்க முட்டி போட்டுப் படம் பிடிக்கிறீங்க."

பாஸ்டர் கீழே பார்த்தார். அவருக்கு அது தெரியாது போல. முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். பிறகு தட்டியதை நினைத்து வெட்கப்பட்டார்.

விசிலுக்கு இப்போதுதான் கோபம் வந்தது. நல்லது, எனக்கு அந்தச் சிரிப்பைவிட அது பரவாயில்லை. "அப்போ அன்னைக்குக் கட்டிப் பிடிச்சதெல்லாம் நாடகமா? எல்லார் முன்னாடியும் மன்னிச்சேன்னு சொன்னீங்களே!"

"நாடகம் இல்ல. மன்னிச்சேன். மறுநாள் மறுபடியும் மன்னிக்க வேண்டியிருந்துச்சு. அதுக்கு மறுநாளும். தினமும் காலையில ஏணி ஏறும்போது புதுசா மன்னிச்சுட்டு ஏறுறேன். நீ வந்து அடியில நின்னுக்கிட்டு, நம்புறேன் நம்புறேன்னு பல்லைக் காட்டுற. உனக்கு அது விசுவாசம். எனக்கு அது தூண்டில். நீ என்னை நம்பாதே. நானே என்னை நம்பல. சுத்திப் போ. கோட்டுக்கு வெளிய போ. அதுதான் நீ எனக்குப் பண்ற உபகாரம்."

அவன் திரும்பினான். மஞ்சள் கோட்டுக்கு உள்ளேயே நடந்து போனான், பழக்கதோஷம். பாரம் தரையில் இருந்ததால் பரவாயில்லை.

மேனேஜரிடம் நானே போய், என்னைக் கிரேனிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். காரணத்தையும் சொன்னேன். நம்பவில்லை. வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் ஓட்டு, ஃபோர்மனைக் கோட்டுக்கு வெளியே நிற்கச் சொல்கிறேன் என்றார். ஆள் இன்னும் கிடைக்கவில்லை. அதனால் மூங்கிலிடம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். விசில் கோட்டுக்கு வெளியே நிற்பதைப் பார்த்த பிறகுதான் அவன் எனக்குக் கை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பாரம் ஒரு விரல்கூட எழும்பாது. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் போலீஸா?" என்றான். "ஆமா," என்றேன். "சம்பளம் யாரு தருவா?" என்றான். வாய் திரும்பி வந்துவிட்டது.

விழாவில் எங்கள் படம் எதுவும் ஓடவில்லை. பழைய படத்தையும் எடுத்துவிட்டார்கள் என்று கேள்வி. சிலர் எனக்குக் கை கொடுப்பதில்லை. பாஸ்டர் பார்த்தால் தலையை அசைப்பார். பிரசங்கத்தில் விழித்திருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நடுவில் ஒரு தடவை என் பக்கம் பார்த்துவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறார். என் கோபம் அவர்மேல் இன்னும் தீரவில்லை. அதையும் காலையில் கூட்டுகிறேன். சாயங்காலம் மறுபடியும் கிடக்கிறது.

விசில் பல நாள் என் கண்ணில் படாமல் சுற்றினான். ஒரு காலையில் நான் ஏணியில் கால் வைக்கும்போது வந்து நின்றான். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அந்த வடம்."

நான் ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தேஞ்சிருந்துச்சு. எனக்குத் தெரியும். முந்தின நாளே உங்க தம்பி கையில பிடிச்சுக் காட்டினாரு. லாரிக்காரன் கத்துறான்னு, இந்த ஒரு தடவை தாங்கும்னு கட்டச் சொன்னேன். அவரு மாட்டேன்னாரு. விசிலை ஊதினேன். அவரு கட்டினாரு." அவன் குரல் உடையவில்லை. அழவும் இல்லை. "சபையில இதைச் சொல்லல. நடந்ததுக்கெல்லாம்னு சொல்லிட்டேன். அப்படிச் சொன்னா சுலபமா இருந்துச்சு."

மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான் என் தம்பி. அது எனக்குத் தெரியாது. இவ்வளவு நாளும் தெரியாது. என் கை ஏணிக் கம்பியை இறுக்கிய இறுக்கில் துரு உள்ளங்கையில் ஒட்டியது. அந்தக் கையால் அவன் கழுத்தைப் பிடிக்க ஒரே எட்டு.

அவன் அதைப் பார்த்தான். ஓடவில்லை. ஆனால் ஓரடி பின்னால் போனான். இத்தனை நாளில் அவன் செய்த முதல் புத்தியுள்ள காரியம்.

"இன்னைக்கு இருக்காண்ணே?" என்று கேட்டான். "அது."

"இருக்கு."

"நிறையவா?"

"நேத்தைவிட அதிகமா இருக்கு. நீ சொன்னதுக்கப்புறம் ரொம்ப அதிகமா இருக்கு."

தலையை ஆட்டினான். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மஞ்சள் கோட்டுக்கு வெளியே, சுவரை ஒட்டி, தம்பி எனக்குக் காட்டிய பலகைக்கு அடியில் நடந்து, நீள வழியாகக் கிடங்கைச் சுற்றிப் போனான்.

இப்போதும் தினமும் காலையில் வந்து அதே கேள்வியைக் கேட்கிறான். நான் ஒளிக்காமல் சொல்கிறேன். சில நாள் கொஞ்சம் என்கிறேன். சில நாள் இல்லை என்கிறேன், அன்றும் அவன் சுற்றித்தான் போகிறான், நான் போகச் சொல்லிவிட்டேன். அவனைத் தம்பி என்று கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டேன்.

வடத்தைப் பற்றிச் சொன்ன அன்று, அவன் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்கிற வரைக்கும் ஏணியடியிலேயே நின்றேன். பிறகு ஏறினேன். சாவியைப் போட்டேன். மூங்கில் கிடங்கை ஒரு தடவை நோட்டம் விட்டு, விசில் நிற்கிற இடத்தைப் பார்த்து, எனக்குக் கை காட்டினான். நான் லிவரைத் தொடுவதற்கு முன்னால் மணியை மிதித்தேன், வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம், பலமாக.